வெஸ்ட்கிளிஃபை விட்டுப் போவதா? ஆறு பேர், இரண்டு படுக்கையறை, ஒன்பது மாதக் கணக்கு

போன ஏப்ரலில் ஒரு ராத்திரி என் மகன் சோபாவிலிருந்து உருண்டு கீழே விழுந்தான். பெரிய அடி ஒன்றுமில்லை, நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். ஆனால் ஆறு மாத வயிற்றோடு மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து அவனை மடியில் போட்டுக்கொண்டபோதுதான் ஒன்று உறைத்தது: இந்தப் பையன் ஒன்றரை வருடமாக ஹாலில் படுக்கிறான், 'கொஞ்ச நாளைக்கு' என்று ஆரம்பித்ததை நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "ஒண்ணு வீட்டை மாத்தணும், இல்ல ஊரை மாத்தணுங்க."

அதற்கப்புறம் ஒன்பது மாதம் பேசினோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்களைப் போலவே பிள்ளை பெருகி இடம் சுருங்கிப்போன நாலைந்து குடும்பங்கள், என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பாதிதான் சொல்ல முடிகிறது, அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நான் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவள், ஆகையால் தொகைகள் நிறைய வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவை எங்கள் வீட்டுத் தொகைகள், உங்களுக்கு வேறாக இருக்கும்.

வீடும் ஆட்களும்

சாட்ஸ்வொர்த்தில் வெஸ்ட்கிளிஃப், பழைய ஆட்கள் வாயில் யூனிட் 3. நகராட்சி 1960-களில் மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கட்டிய இரட்டை வீடுகளில் ஒரு பாதி எங்களுடையது. கீழே ஹாலும் அடுப்படியும், மேலே இரண்டு அறை. நடுச்சுவர் பக்கத்து வீட்டோடு பொது. அந்த வீட்டு அக்காவின் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணி, நம்முடையது என்று நினைத்து நான் அடுப்பை அணைத்த நாளும் உண்டு.

மேல் அறை ஒன்றில் நானும் வீட்டுக்காரரும், இப்போது கைக்குழந்தையும். இன்னொன்றில் என் மாமியாரும் பத்து வயது மகளும். ஊரெல்லாம் மாமியாரை 'மா' என்று கூப்பிடும், பிள்ளைகளுக்கு ஆயா, நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தில் அத்தை என்பேன். மகன் சோபாவில். பின்பக்கம் மாமனார் 1989-ல் கட்டிய ஒற்றை அறை இருக்கிறது, இங்கே அவுட்பில்டிங் என்பார்கள். அதில் பித்தளைப் பாத்திரங்களும், காவடிச் சாமான்களும், என் கணக்குமேசையும். 'பையனை அங்கே படுக்கவைக்கலாமே' என்று கேட்காதவர்கள் இல்லை. மழை பெய்தால் அந்த அறையின் பின்சுவரில் விரலை வைத்தால் விரல் ஈரமாகும். காரணம் பின்னால் வருகிறது.

என் வீட்டுக்காரருக்கு வேலை அம்லாங்கா ரிட்ஜில். இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், ஹிகின்சன் நெடுஞ்சாலையில் இறங்கி என்2-ஐப் பிடித்து வடக்கே போகவேண்டும். நடுவில் என்2-வும் என்3-யும் குறுக்கிடும் ஸ்பாகெட்டி ஜங்ஷன், அங்கே இப்போது மேம்பால வேலை வேறு. காலை 5:50-க்குக் கிளம்பினால் நல்ல நாள், 6:20-க்குக் கிளம்பினால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டாம். மாலை வீடு வர ஆறரை, குளிர்காலத்தில் இருட்டிவிடும். பெட்ரோல் மாதம் 2,300 ராண்ட் வரை ஆனது.

ஆக இரண்டு பிரச்சினை. ஒன்று படுக்க இடம், இன்னொன்று சாலை. இதை இப்படிப் பிரித்துச் சொல்ல எனக்கே ஆறு மாதம் ஆனது, அதுவரை எல்லாவற்றையும் சேர்த்து 'சாட்ஸ்வொர்த் சரியில்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யார் எந்தப் பக்கம்

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பது: திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 2013-ல் வந்த மருமகள் போகலாம் என்பாள், எழுபது வயது மாமியார் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வார், நடுவில் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டு முழிப்பார். அப்படி நடக்கவில்லை.

அத்தை பிறந்தது சோம்ட்சு ரோட்டில் இருந்த மகசீன் பேரக்ஸில். டர்பன் நகராட்சிக்குத் தெரு கூட்டவும் குப்பை அள்ளவும் வேலைக்கிருந்த இந்தியர்களின் குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழும் தெலுங்கும். 1950-ல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் எந்த இனம் எந்த இடத்தில் வாழலாம் என்று கோடு போட்டது. அந்தக் கோட்டின்படிதான் கேட்டோ மேனர், மேவில் போன்ற இடங்களில் இருந்தவர்களையும் பேரக்ஸ்காரர்களையும் கிளப்பிக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் வைத்தார்கள். அத்தைக்கு அப்போது பத்து வயசு. லாரியின் பின்பக்கம் அம்மிக்கல்மேல் உட்கார்ந்து, மடியில் கோழிக்கூடையோடு வந்தது ஞாபகம் இருக்கிறது என்பார்.

நான் பேச்சை எடுத்ததும் அவர் சொன்னது இது: "நாங்க கேட்டா வந்தோம்? லாரியில ஏத்தி இட்டுக்கினு வந்து எறக்குனாங்க. அப்ப ஒருத்தரும் என்னைக் கேக்கல. இப்ப உன்னைக் கேக்குறாங்க இல்ல பொண்ணு? போவணும்னா போவலாம், வூட்டை வித்துடு."

நான் எதிர்பார்க்கவே இல்லை. அறுபது வருடம் வாழ்ந்த இடத்தின்மேல் இவ்வளவுதான் பற்றா என்று மனசுக்குள் கேட்டும்கொண்டேன். பிறகு யோசித்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் அதைக் காப்பாற்றும் கடமையும் அவருக்கு இல்லை. பாசம் முழுக்க என் வீட்டுக்காரருக்குத்தான். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ரோடு முனையில் பந்து விளையாடி முட்டி உடைத்துக்கொண்டவர். போகலாம் என்று ஆரம்பித்த நானோ, கணக்கு போடப் போட நடுவில் வந்து நின்றேன்.

2021 ஜூலையை வீட்டுக்காரர் அடிக்கடி இழுப்பார். கடைகள் சூறையாடப்பட்ட அந்த வாரத்தில் எங்கள் ரோடு ஆண்கள் முறைவைத்து ராத்திரி காவல் நின்றார்கள். பெண்கள் டீ போட்டுக் கொடுத்தோம். ஒரு வீட்டில் இருந்த பால் பவுடர் ஏழு வீட்டுக்குப் போனது. 'இந்த மாதிரி ரோட்டை அம்லாங்காவில் காட்டு' என்பார். நான் இதை 'இங்கேயே இருக்கலாம்' பக்கத்தில் எழுத மறுத்துவிட்டேன். அதே வாரம், எங்களுடையதைப் போலவே இந்தியர்கள் அதிகம் வாழும் டர்பன் பகுதியான ஃபீனிக்ஸில் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். பயந்த மனிதர்கள் ரோட்டை மறித்து நிற்பது எங்கள் ரோட்டில் டீயோடு முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதை ஒரு வசதியாகக் கணக்கில் ஏற்ற எனக்கு மனமில்லை. இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை, இருக்கட்டும்.

மூன்று வழி

முதல் வழி, சோமர்செட் பார்க். அம்லாங்காவை ஒட்டிய பகுதி, ஒரு காம்ப்ளெக்ஸில் மூன்று படுக்கையறை டவுன்ஹவுஸ், கேட்டது 18 லட்சம் ராண்ட். எங்கள் கையில் 3,10,000 சேமிப்பு. வீட்டு விலை 12,10,000 ராண்டைத் தாண்டினால் அரசாங்கத்துக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி (சொத்து கைமாறும்போது வாங்குபவர் கட்டும் வரி) கட்டவேண்டும், 2025 ஏப்ரலிலிருந்து இதுதான் எல்லை. அதற்கு மேல் 16,63,800 வரைக்கும் 3 சதவீதம், அடுத்த படிக்கு 6 சதவீதம். 18 லட்சத்துக்கு 21,786 ராண்ட் வந்தது. அதோடு நிற்காது. பத்திரத்தை மாற்றும் வழக்கறிஞருக்கு ஒரு கட்டணம், பாண்டைப் பதியும் வழக்கறிஞருக்கு ஒரு கட்டணம் (வீட்டுக்கடனை இங்கே பாண்ட் என்பார்கள்). எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தொட்டது. ஆக முன்பணமாக இரண்டு லட்சம்தான் மிச்சம், 16 லட்சம் கடன்.

இருபது வருடத்துக்கு, 2025 நவம்பரில் இறங்கிய 10.25 சதவீத பிரைம் வட்டியில் (வங்கிகள் அடிப்படையாக வைக்கும் வட்டி அது), மாதத் தவணை சுமார் 15,700. இங்கே ஒன்று சொல்லவேண்டும். வட்டி இறங்கும் நேரத்தில் வீடு பார்ப்பவர்கள் இறங்கிய வட்டியில் மட்டும் கணக்கு போடுகிறார்கள். 2024 செப்டம்பர் வரைக்கும் இதே பிரைம் 11.75-ல் நின்றது. அந்த வட்டியில் இதே கடனுக்குத் தவணை 17,300. இரண்டிலும் மூச்சுவிட முடிந்தால்தான் கையெழுத்து போடவேண்டும், எங்களால் முதலாவதில் மட்டும்தான் முடிந்தது. காம்ப்ளெக்ஸ் லெவி, அதாவது மாதப் பராமரிப்புக் கட்டணம், 3,100, அதற்கு மேல் நகராட்சி வரி, அது தனி. பெட்ரோலில் இரண்டாயிரம் மிச்சமாகும் என்று வீட்டுக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். ஆமாம், லெவியில் முக்கால்வாசியைக்கூட அது தொடவில்லை.

இரண்டாவது வழி, அம்லாங்காவுக்கும் வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் தனி வீடு. 13 லட்சத்துக்கு முற்றமும் மாமரமும் உள்ள வீடே கிடைத்தது, டியூட்டி வெறும் 2,700. மனசுக்குப் பிடித்ததும் அதுதான். தண்ணீர்தான் தடுத்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து அந்த ஊர் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லாமல் லாரியை நம்பி இருந்தது. வெருலம் பக்கம் குழாய் வறள்வது இன்றைக்கும் பழகிப்போன கதை. நாங்கள் பார்த்த வீட்டில் இரண்டு பெரிய ஜோஜோ டேங்க் இருந்தன. வீட்டைக் காட்டியவர் அதை வசதி என்று சொன்னார். டேங்க் இரண்டு இருக்கிறது என்றால் ஒன்று போதவில்லை என்று அர்த்தம். கைக்குழந்தையும் துணி நாப்கினும் இருக்கிற வீடு, அதனால் அந்த வழியை அங்கேயே மூடிவிட்டோம்.

மூன்றாவது வழி, இருக்கிற வீட்டைப் பின்பக்கம் நீட்டுவது. இதை நான் முதலில் செலவில்லாத வழி என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் ஒத்திகை

தீபாவளி முடிந்த கையோடு அக்டோபர் கடைசியில் வீட்டுக்காரரின் நண்பர் குடும்பத்தோடு வெளிநாடு போனார். அவர்கள் வீடு சோமர்செட் பார்க்கில்தான். நாங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி ஆறு பேரும் மூட்டை கட்டிப் போய் இரண்டு வாரம் இருந்தோம். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நாட்கள்தான் என்பது முக்கியம். விடுமுறையில் போய் இருந்து பார்த்தால் எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. முதல் நாள் மாலை 4:40-க்கு வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வெயில் இருந்தது. மகன் மட்டையை எடுத்துக்கொண்டு அவரையே பார்த்தான், இந்த நேரத்தில் அப்பாவை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு இருவரும் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் ஆடினார்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒன்பது நாள் ஆடினார்கள், எண்ணி வைத்திருக்கிறேன். இதற்கு எந்தக் கட்டத்தில் என்ன தொகை போடுவது?

அத்தைக்கும் பிடித்துவிட்டது. காலையில் என்னோடு காரில் கடற்கரை நடைபாதைக்கு வந்து கலங்கரை விளக்கம்வரை நடந்தார், முட்டி வலிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "இங்க ஒருத்தரும் வந்து கறிவேப்பிலை கேக்கமாட்டேன்றாங்க, நல்லாக்கீது" என்றார்.

கெட்டது மத்தியானத்தில் இருந்தது. மகளையும் மகனையும் காலையில் நான் சாட்ஸ்வொர்த்துக்கே ஓட்டிக்கொண்டு போய் விட்டேன், பள்ளியை அவசரப்பட்டு மாற்ற முடியாதே. வீட்டில் இருக்கும்போது இருவரும் பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு அக்காவின் பேத்தியோடு நடந்து வந்துவிடுவார்கள், நானூறு மீட்டர்கூட இல்லை. அத்தை கதவைத் திறப்பார், சோறு போடுவார், அத்தைக்கு முடியாத நாளில் அக்கா போடுவார். நான் ஐந்து கடைகளின் கணக்கை அந்த நேரத்தில்தான் முடிக்கிறேன். அம்லாங்காவில் இந்த மூன்று மணி நேரத்தை விலைக்கு வாங்கவேண்டும். விசாரித்தேன். பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு ஒரு பிள்ளைக்கு 1,800, இரண்டு பேருக்கு 3,600. குழந்தையை அத்தை பார்த்துக்கொண்டால் சரி, அவருக்கு முடியாமல் போனால் கிரெஷ் 4,500. அதுவரை என் கணக்கில் அந்த அக்காவின் பெயரே வந்திருக்கவில்லை. பதின்மூன்று வருடமாக அவருக்கு நான் கொடுத்தது தீபாவளிக்கு ஒரு புடவையும் வாரம் ஒரு கிண்ணம் குழம்பும்.

சின்ன விஷயங்களும் உண்டு. வெள்ளிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட் எங்களுக்கு நடக்கிற தூரம். முளைக்கீரைக் கட்டு, மடும்பி (நம்ம சேப்பங்கிழங்குதான்), முருங்கைக்காய் எல்லாம் அங்கேதான். அம்லாங்காவில் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த கீரையை மும்மடங்கு விலைக்கு வாங்கிச் சமைத்தேன், ருசியில்லை என்று சொன்னால் என் பிடிவாதம் என்பார்கள். காம்ப்ளெக்ஸ் விதிப்புத்தகத்தில் திறந்த நெருப்புக்குத் தடை. ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சுவது எங்கள் வீட்டில் முற்றத்தில், விறகில். கோயிலில் காய்ச்சிக்கொள்ளலாம்தான், அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வரலாம், பதினான்கு பிள்ளைகள்தான். இந்த நாட்டு அரசியலமைப்பில், மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளில் தமிழும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டதை நடத்துவதென்னவோ கோயில் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை விரிக்கிற யாரோ ஒருத்திதான்.

கேட்காத கேள்வி

ஒத்திகையிலிருந்து திரும்பிய பிறகு ஒரு ராத்திரி வீட்டுக்காரரிடம் கேட்டேன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்று ஆபீஸில் கேட்டுப் பார்த்தீர்களா என்று. கேட்டதில்லை. ஐந்து வருடமாக ஒரு முறைகூட வாயைத் திறந்து கேட்டதில்லை. 'தரமாட்டாங்க' என்றார். நவம்பரில் கேட்டார், செவ்வாயும் வியாழனும் கொடுத்துவிட்டார்கள். 16 லட்சம் கடன் வாங்கித் தீர்க்க இருந்த சாலைப் பிரச்சினையில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரு மின்னஞ்சலில் தீர்ந்தது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதவில்லை.

மீதி மூன்று நாள் அப்படியேதான் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை, அந்த மூன்று நாளும் அவர் வர ஆறரை ஆகிறது.

இருப்பதற்கும் விலை உண்டு

இப்போது அந்த ஈரச்சுவர். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது, பின்னால் மேட்டைத் தாங்கி ஒரு தடுப்புச்சுவர். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் குவாசுலு-நாட்டலில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்சரிவில் வீட்டோடு போனவர்கள் அதில் நிறைய. எங்கள் சுவர் நின்றது, ஆனால் குறுக்கே ஒரு விரிசல் விட்டது. சிமெண்டைப் பூசி மூடிவிட்டு மூன்றரை வருடம் அதைப் பார்க்காமல் இருந்தோம். இந்த முறை ஒரு பொறியாளரை வரவழைத்தேன். சுவரின் பின்னால் தண்ணீர் வடிய வழியே இல்லை, அதுதான் மேட்டையும் தள்ளுகிறது, அறையையும் நனைக்கிறது என்றார். வடிகால் போட்டுச் சுவரைப் பலப்படுத்த 58,000. வீட்டை நீட்டினாலும் நீட்டாவிட்டாலும் இது செய்தே ஆகவேண்டும். விற்றிருந்தாலும் வாங்குகிறவர் கேட்டிருப்பார்.

அடுத்தது காகிதம். மாமனார் அந்த அறையைப் பிளான் இல்லாமல் கட்டியிருக்கிறார். சாட்ஸ்வொர்த்தில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும், யாரும் பேசமாட்டார்கள். 'இன்னும் ஒரு அறை, யார் கேட்கப்போறாங்க' என்று எங்களுக்கும் யோசனை சொன்னார்கள். டோங்காட்டில் 2013 நவம்பரில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அங்கீகாரம் பெறாத கட்டடம், வேலையை நிறுத்தச் சொல்லிக் கோர்ட் உத்தரவே இருந்தது. மால் வேறு, வீட்டு அறை வேறு, தெரியும். ஆனால் எங்கள் அறைக்குப் பின்னால் ஈர மேடு இருக்கிறது, உள்ளே என் மகன் தூங்குவான்.

ஆகவே முறையாகவே செய்தோம். பதிவு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன் பழைய அறையையும் புதியதையும் சேர்த்து ஒரே பிளானாக வரைந்தார். 1977-ஆம் வருடக் கட்டடச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு, எல்லாக் காகிதமும் சரியாக இருந்தால், 30 நாளில் பதில் சொல்லவேண்டும். ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். இந்த இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பணம் சேரட்டும் என்று பிளானை அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

மொத்தச் செலவு 4,80,000 வந்தது. கையில் 3,10,000. இரண்டு கட்டமாகப் பிரித்தோம். முதலில் தடுப்புச்சுவர் 58,000, பிளானும் பொறியாளரும் 27,000, கீழே அத்தைக்கு ஒரு அறையும் குளியலறையும் 2,15,000, ஆக மூன்று லட்சம். அத்தை கீழே வந்தால் மகன் மாடியில் மகளின் அறைக்குப் போய்விடுவான், சோபா வெளியே போகும். அடுத்த வருடம் 1,80,000-க்குப் பழைய அறையைச் சரிசெய்து வீட்டோடு இணைத்து அவனுக்குக் கொடுப்பது. என் கணக்குமேசை சோபா இருந்த மூலைக்கு வரும். கடன் ஒரு ராண்ட்கூட இல்லை.

யாருடைய வீடு

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கணக்கெழுதுகிற என் கண்ணுக்கே தப்பிய ஒன்றை நாத்தனார் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு நடுவில் கேட்டார், கெட்ட எண்ணத்தில் இல்லை: "பத்திரம் மா பேர்ல இல்ல இருக்கு?"

இருந்தது. எங்கள் மூன்று லட்சத்தை நாங்கள் மாமியாரின் வீட்டில் போடப்போகிறோம். நாளைக்கு அந்த வீட்டில் நாத்தனாருக்கும் பங்கு. அவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறார், நல்லவர். ஆனாலும் நல்லவர்களுக்குள் வரும் சண்டைதான் இருபது வருடம் நீளும். கூட்டுக்குடும்பத்தில் வீட்டை நீட்டுகிறவர்கள் முதலில் பேசவேண்டியது இதைத்தான், செங்கல் விலையை அல்ல. நாங்கள் கடைசியில் பேசினோம், நல்லவேளை செங்கல் வாங்கும் முன்னே. போடுகிற தொகையை ரசீதோடு எழுதிவைப்பது, வீடு விற்றாலோ பிரிந்தாலோ அந்தத் தொகை முதலில் எங்களுக்கு, மிச்சம் இரண்டு பங்கு. நாத்தனார் ஒப்புக்கொண்டார், அத்தை வழக்கறிஞரிடம் போய் உயிலை மாற்றி எழுதினார். திரும்பி வரும் வழியில் "வித்துட்டா இவ்ளோ எழுத்தே இல்ல" என்றார்.

என்ன முடிவு

இருக்கிறோம். 2029 ஜனவரிவரை. அப்போது மகள் எட்டாம் வகுப்புக்குப் போவாள், உயர்நிலைப் பள்ளி எங்கே என்பதோடு ஊர் எங்கே என்பதையும் மறுபடி பேசுவோம். அதற்கு முன்னால் இரண்டில் ஒன்று நடந்தால் உடனே பேசுவோம்: வீட்டுக்காரருக்கு அந்த இரண்டு நாள் பறிபோனால், அல்லது அத்தைக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ மத்தியானம் கதவைத் திறக்க முடியாமல் போனால். இதை ஒரு காகிதத்தில் எழுதிச் சாமி அலமாரிக்குள் வைத்திருக்கிறோம். சாட்ஸ்வொர்த் சிறந்த இடம் என்று நிரூபித்துவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. நாளையே அம்லாங்கா வீடு 13 லட்சத்துக்கு வந்தால் மகனின் மட்டையை நினைத்து மறுபடி கணக்கு போடுவேன். அத்தை மூட்டையைக் கட்டிவிட்டுத்தான் என்னை எழுப்புவார்.

ஜனவரியில் ஒரு மாலை பிளானை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். புது அறை அவர்கள் எல்லையை ஒட்டி வருவதால் அக்காவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அடுப்படி மேசையில் காகிதத்தை விரித்து, கோடுகளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இந்த மரம் எங்க?"

எங்கள் பக்கம் எல்லையோரமாக நிற்கும் சிரிங்கா மரத்தைக் கேட்கிறார். மலைவேம்புதான் அது. இங்கே நம் ஆட்கள் ஆடி மாதம் வேப்பிலைக்குப் பதிலாக அதைத்தான் பறிப்பார்கள். பிளானில் அதன்மேல் குளியலறை வந்திருந்தது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"வெட்டணும்போல இருக்கு அக்கா."

"அப்போ நான் எலைக்கு யார் வூட்ல போய்க் கேக்குறது?" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். டிராஃப்ட்ஸ்மேனைக் கூப்பிட்டுச் சுவரை 600 மில்லிமீட்டர் உள்ளே இழுத்து வரையச் சொன்னேன், அதற்குத் தனியாக 900 ராண்ட் வாங்கிக்கொண்டார். மறு வாரம் புதுப் பிளானோடு போனேன். மரம் ஒரு சின்ன வட்டமாக வெளியே இருந்தது. அக்கா அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போட்டார், கூடவே ஒரு கிண்ணம் பீன்ஸ் குழம்பையும் கையில் கொடுத்தார்.